ரேடியோ அழிக்காத பக்கங்கள்

முதலில் இந்தப் பேர் விவகாரத்தை முடித்துவிடலாம். வீட்டில் அவள் அண்ணி. கணவனின் தங்கைக்கு அவள் அண்ணி, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் ஆபீஸிலும் அவள் அண்ணிதான். ஒருநாள் அந்தத் தங்கை ஆபீஸ் நம்பருக்கு ஃபோன் போட்டு, எடுத்த முதலாளியிடம், "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து முதலாளி முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கஸ்டமர் ஒருவர் மெயிலிலேயே "மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு" என்று எழுதுகிறார். ஒட்டிக்கொண்டுவிட்டது, இனி சுரண்டி எடுக்க முடியாது.

அந்தத் தங்கைக்கு வீட்டில் வைத்த பேர் ரேடியோ. காலையில் பல் துலக்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். வாயில் நுரை இருப்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே அல்ல. கல்யாணம் சரிப்பட்டு வராமல், பள்ளிக்கூடம் போகும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சின்ன வீடு. ஒருத்தி உள்ளே நின்றால் இன்னொருத்தி வாசலில் நிற்க வேண்டிய சமையலறை. அதில் அண்ணியும் நாத்தனாரும் இத்தனை காலம் தள்ளியதற்கு இரண்டு பேருக்குமே மெடல் குத்தலாம். உப்பு டப்பாவை இடம் மாற்றியது யார் என்பதிலிருந்து பிள்ளையின் சளிக்கு எந்த மருந்து என்பது வரை எல்லாவற்றுக்கும் சண்டைதான். வாய்விட்டுப் போடுகிற சண்டைகூட இல்லை, பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சண்டை.

அதனால் ரேடியோவுக்கு வேலை கிடைத்த அன்று வீட்டில் அதிகம் குஷியானது அண்ணிதான். வேலை நிரந்தரமானதும் தனி வீடு போய்விடுவேன் என்று ரேடியோ சொல்லியிருந்தாள். வீடும் பார்த்தாயிற்று. நாலு தெரு தள்ளி, மாடியில், காற்றோட்டமான வீடு. ஆனால் அந்த வீட்டுக்காரர் கறார் பேர்வழி. "வேலை நிரந்தரம்னு ஆர்டர் கொண்டு வாங்கம்மா, சாவி தர்றேன். அதுவரைக்கும் கிடையாது," என்று சொல்லிவிட்டார். ரேடியோவின் மகளோ அந்த வீட்டில் எந்தச் சுவரில் எந்தப் படத்தை ஒட்டுவது என்றுகூட முடிவு பண்ணிவிட்டாள்.

வேலை என்ன வேலை தெரியுமா? லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் ஃபோன் மேஜை. எங்கேயாவது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பொத்தானை அழுத்துவார்கள், அது ரேடியோவின் காதில் வந்து மணியடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அவர்களோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லுங்கள், இதைவிடப் பொருத்தமான வேலை அவளுக்கு உலகத்தில் உண்டா? ஒரு தடவை இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு வக்கீல், கதவைத் திறந்துவிட்ட பிறகும் இறங்காமல், "இருங்கப்பா, அவங்க சொல்லி முடிக்கட்டும்," என்றாராம்.

இனி அண்ணியின் வேலைக்கு வருவோம். கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டே மேஜை போட்ட அறை. அங்கே அவளும் முதலாளியும் சேர்ந்து 'தடயம்' என்று ஒரு எக்ஸ்டென்ஷன் செய்து ஆபீஸ்களுக்கு விற்கிறார்கள். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிற சின்ன புரோகிராம் அது. நீங்கள் பார்த்த பக்கங்களைப் பிரவுசர் வரிசையாக ஞாபகம் வைத்திருக்கும் அல்லவா, அந்த ஹிஸ்டரியிலிருந்து ஏதாவது காணாமல் போனால் தடயம் உடனே முழித்துக்கொள்ளும். போனதைக் குறித்து வைக்கும். ஒன்றிரண்டு பக்கம் போனால் அதோடு சரி. கொத்தாகப் போனால், "இன்னார் ஹிஸ்டரியை அழித்தார்" என்று சிவப்பு எழுத்தில் மேலாளருக்கு ஒரு மெயில் தட்டிவிடும்.

லிஃப்ட் கம்பெனியும் அதை வாங்கியிருந்தது. காரணம் நியாயமானதுதான். எந்த மாடல் லிஃப்ட் நின்றால் என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று அவர்களுடைய இணையப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாருக்காவது காயம் கீயம் பட்டுவிட்டால், ஃபோன் எடுத்தவர் சரியான பக்கத்தைப் பார்த்துத்தான் சொன்னாரா என்று பிறகு காட்ட வேண்டும். ஆகவே அங்கே ஒரே சட்டம். எதை வேண்டுமானாலும் பார், எதையும் அழிக்காதே.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணி வீட்டுக்குள் நுழைந்தபோது வீடு அமைதியாக இருந்தது. அப்போதே அவளுக்கு திக்கென்றது. ரேடியோ செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கணவர், யூனிஃபார்ம் சட்டையை மாற்றாமல், கையில் தண்ணீர் டம்ளரோடு தங்கை பக்கத்தில் நின்றார்.

"என்னாச்சுங்க?"

"உன் புரோகிராம் இவளைப் போட்டுக் கொடுத்துடுச்சு," என்றார் கணவர்.

விஷயம் இதுதான். மத்தியானம் லிஃப்ட் கம்பெனியின் மேலாளர் அம்மாவுக்கு ஒரு சிவப்பு மெயில் போயிருக்கிறது. அந்த அம்மா ரேடியோவைக் கூப்பிட்டு, எதை அழித்தாய், ஏன் அழித்தாய் என்று கேட்டிருக்கிறார். நான் ஒன்றையும் அழிக்கவில்லை என்றாளாம் இவள். பார்ப்பது தப்பில்லை, அழிப்பதுகூட மன்னிக்கலாம், பொய் சொல்வதை மன்னிக்க மாட்டேன் என்று அந்த அம்மா கொதித்துவிட்டார். அடுத்த வாரம் நிரந்தர ஆர்டரில் கையெழுத்தாக வேண்டியது. அதற்குப் பதிலாகத் திங்கட்கிழமை காலை வந்து உண்மையைச் சொல், இல்லையென்றால் அப்படியே கிளம்பிவிடு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"அண்ணி, என் பொண்ணு மேல சத்தியமா நான் எதையும் அழிக்கல," என்றாள் ரேடியோ.

அண்ணி கைப்பையைக் கீழே வைத்தாள். அப்போது அவள் நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தான் செய்த பொருளைக் குறை சொன்னால் சிலருக்குச் சுருக்கென்று வரும் இல்லையா, அதுதான் முதலில் வந்தது.

"தெரியாம எதையாவது அமுக்கியிருப்பே."

"அமுக்கல."

"வேற யாராவது உன் கம்ப்யூட்டர்ல உட்கார்ந்தாங்களா?"

"என் நாற்காலியில யாரும் உட்கார மாட்டாங்க அண்ணி. நான் எழுந்தாத்தானே?"

"அப்ப எப்படி? அது சும்மா மெயில் அனுப்பாது. நான் எழுதினது, தினமும் காலையில நானே டெஸ்ட் பண்றது. ஒரு நாள்கூடத் தப்பினதில்ல."

"அப்ப நான்தான் பொய் சொல்றேன்."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வேற எப்படி அண்ணி சொல்வாங்க?"

"ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ரேடியோ அதற்குப் பிறகு பேசவில்லை. மகள் வந்து, "அம்மா, புது வீட்டுல கதவுக்குப் பின்னாடியும் படம் ஒட்டலாமா?" என்று கேட்டதற்கு வெறுமனே தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா இல்லை என்று ஆட்டினாளா என்று பிள்ளைக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போனதும் அண்ணி முதல் வேலையாக அந்த அறிக்கையை எடுத்தாள். நாத்தனாரைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதீர்கள். இவள் அப்படி என்னத்தைத்தான் மறைத்தாள் என்று தெரிந்துகொள்ளத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. போன பக்கங்கள் எவை என்று பிரவுசர் தடயத்துக்குச் சொல்லும். தடயம் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும், மேலாளர்களுக்குக்கூடக் காட்டாது. சம்பந்தப்பட்டவர் சரி என்றால் மட்டும் அண்ணி திறக்கலாம். ஆகவே ரேடியோவுக்கு ஃபோன் போட்டாள்.

"போன பக்கத்தையெல்லாம் திறந்து பார்க்கட்டுமா?"

கொஞ்சம் தயங்குவாள், அதிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும் என்று நினைத்தாள் அண்ணி.

"தாராளமா பாருங்க," என்றாள் ரேடியோ. வைத்துவிட்டாள்.

திறந்தாள். கதவு பாதியில் நின்றால் என்ன செய்வது. மின்சாரம் போனால் எந்த மாடல் எந்த மாடிக்கு வந்து நிற்கும். உள்ளே குழந்தை தனியாக இருந்தால் என்ன பேசுவது. ஒரு மாடலுக்கு ஒரு பக்கம் என்று கம்பெனியின் சொந்தப் பக்கங்களே கொத்துக் கொத்தாக. நடுவில், மூடிய இடத்தைக் கண்டு பயப்படுகிறவர்களைப் பற்றி ஒரு டாக்டர் எழுதியது. வாடகை வீட்டு விளம்பரங்கள். கருகிப்போன பாத்திரத்தைக் கீறல் விழாமல் தேய்ப்பது எப்படி. அதற்கும் கீழே, 'அண்ணன் வீட்டில் இருக்கும்போது அண்ணியின் மனம் கோணாமல் நடந்துகொள்வது எப்படி' என்று ஒரு கட்டுரை.

அண்ணிக்கு முகம் சூடேறியது. இதை வேண்டுமானால் ஒருத்தி அழிக்கலாம். சரி. ஆனால் கம்பெனி படிக்கச் சொன்ன பக்கங்களை எவளாவது அழிப்பாளா? அவள் ஒழுங்காகப் படித்தாள் என்பதற்கே அதுதானே சாட்சி? திருடப் போனவள் தன் சொந்த நகையை எடுத்து ஒளித்து வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது!

உடனே ஒரு சோதனை செய்து பார்த்தாள். வழக்கமாகச் செய்வதுதான். புத்தம் புதிதாக ஒரு பிரவுசர் கணக்கு திறப்பாள், பத்துப் பதினைந்து பக்கம் பார்ப்பாள், ஹிஸ்டரியை அழிப்பாள், சிவப்பு மெயில் வருகிறதா என்று பார்ப்பாள். வந்தது. அழிக்காமல் சும்மா விட்டாள். வரவில்லை. கணக்கை மூடிக் குப்பையில் போட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தது.

"நான் சொல்லல?" என்றார் முதலாளி, டீயை ஆற்றியபடி. "நம்ம பொருள் சுத்தம், அண்ணி. உங்க நாத்தனார்தான் ஏதோ... சரி விடுங்க, குடும்ப விஷயம், நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்?"

நுழைத்தாயிற்று, அப்புறம் என்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டாள் அண்ணி.

சனிக்கிழமை காலை, மனம் ஒரு நிலையில் இல்லாமல், வீட்டு ஹாலில் இருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அது முழுக்கக் கணவர் ராஜ்ஜியம். தடயத்தை முதன்முதலில் எழுதியபோது ஓடுகிறதா என்று பார்க்க இதில்தான் போட்டிருந்தாள். போட்டதோடு மறந்தும்விட்டாள். மூலையில் அதன் சின்னப் படம் இன்னும் இருந்தது. பூட்டு வைக்காத பழைய பதிப்பு. சும்மா திறந்து பார்த்தாள்.

நாளுக்கு நாள் குறிப்பு. அழித்தார். அழித்தார். மறுபடியும் அழித்தார். ஒரு நாள் விடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று அழித்துத் தள்ளியிருக்கிறார் மனுஷன்.

"ஏங்க! கொஞ்சம் இங்க வாங்க!"

அந்தக் குரலைக் கேட்டு, பிரேக் சரியாகப் பிடிக்காத மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் போல விறைப்பாக வந்து நின்றார் கணவர்.

"என்னத்தைங்க இவ்வளவு அழிக்கிறீங்க? யாருக்குத் தெரியக் கூடாதுன்னு?"

"என்னது, நானா?"

"பின்ன நானா? இதோ பாருங்க, தினம் தினம் அழிச்சிருக்கீங்க. ஒரு நாள் குழாய்ல ஒழுகுற தண்ணியை நிறுத்துறது. ஒரு நாள் முதுகுவலிக்கு எப்படிப் படுக்கிறது. இது என்ன? 'முன்வழுக்கையில் மறுபடி முடி முளைக்குமா?'"

கணவரின் கை தானாகத் தலைக்குப் போனது. "அது... சும்மா ஒரு நாள் பார்த்தேன். முளைக்காதாம். அதுக்கு எதுக்கு அழிக்கணும்? எனக்கு அழிக்கத் தெரிஞ்சா நான் ஏன் உன்னைக் கூப்பிடப் போறேன்? பார்த்த பக்கத்தை மூடவே எனக்குத் தெரியாது, எல்லாத்தையும் நீதான் வந்து மூடுற. திட்டிக்கிட்டே மூடுற."

அது நூற்றுக்கு நூறு உண்மை. இந்த மனுஷனுக்கு எதை வேண்டுமானாலும் குற்றம் சொல்லலாம், கம்ப்யூட்டர் தெரியும் என்று மட்டும் சொல்ல முடியாது. அண்ணி அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"இந்த வழுக்கை விஷயம் எப்ப பார்த்தீங்க?"

"என் சிநேகிதன் மகளுக்குக் கல்யாணம் நடந்துச்சே, அதுக்குக் கிளம்புற அன்னிக்கு. கண்ணாடியில பார்த்தேன், பக்குன்னுச்சு."

அந்தக் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் போல ஆகிறது. குழாய் ஒழுகியது அதற்கும் முன்னால். ஆனால் அது ஹிஸ்டரியிலிருந்து காணாமல் போனதும் அதற்கேற்ற மாதிரி முன்னால்தான். அண்ணி ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். கணவர் ஒரு பக்கத்தைப் பார்ப்பார், மறந்துவிடுவார். மூன்று மாதம் போல ஆனதும் அந்தப் பக்கம் போய்விடும். எல்லாப் பக்கமும் அப்படியே. யாரும் கை வைக்கவில்லை. பழையதாகிப் போனதைப் பிரவுசரே தூக்கிப் போட்டிருக்கிறது. போட்டுவிட்டு, "இவை போய்விட்டன" என்று மட்டும் தடயத்துக்குச் சொல்லியிருக்கிறது. யார் அழித்தது என்று அது சொல்லவே இல்லை. "இன்னார் அழித்தார்" என்று எழுதியது தடயம். தடயத்துக்கு அப்படி எழுதக் கற்றுக்கொடுத்தது யார்? அண்ணி.

எப்படி இத்தனை நாள் கண்ணில் படாமல் போனது? தினமும் காலையில் புத்தம் புதுக் கணக்கு, வேலை முடிந்ததும் குப்பை. அவள் சோதித்த ஒரு பிரவுசராவது ஒரு சாயங்காலத்தைத் தாண்டி உயிரோடு இருந்ததா? பழையதாகி எதையும் உதிர்க்கிற வயது வரைக்கும் ஒன்றையும் அவள் விட்டு வைக்கவில்லை. சுத்தமாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும் என்று கழுவிக் கழுவியே ஏமாந்திருக்கிறாள்.

அப்புறம் ரேடியோ. சேர்ந்த முதல் நாளில் உட்கார வைத்து எல்லா மாடலையும் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கர்ம சிரத்தையாகப் படித்திருக்கிறாள். பழைய ஆட்கள் தினமும் அதே பக்கங்களையே புரட்டுவார்கள், அவர்களுக்கு ஒன்றிரண்டுதான் உதிரும். புதிதாக வந்தவருக்கு மட்டும் முதல் நாள் பார்த்ததெல்லாம் ஒரே கொத்தாக, சரியாக மூன்று மாத சோதனைக் காலம் முடிகிற நேரம் பார்த்து, நிரந்தர ஆர்டர் எழுதப் பேனாவை எடுக்கிற நேரம் பார்த்து விழும். ஒழுங்காகப் படித்தவர் யாரோ அவர்தான் மாட்டுவார்.

ரேடியோ மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அண்ணி மூச்சிரைக்கப் படியேறிப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை உளறினாள். ரேடியோ ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப நான் அழிக்கலைன்னு இப்ப உங்களுக்குத் தெரியுது," என்றாள் கடைசியில்.

"தெரியுது."

"அண்ணன் கம்ப்யூட்டரும் அப்படிப் பண்ணலைன்னா? அப்ப தெரிஞ்சிருக்காது இல்ல?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்பார்களே, அந்தக் கேள்வி. ஏதாவது சப்பைக்கட்டுக் கட்டலாம், வாய் வரைக்கும் வந்தது, ஆனால் வெட்கமாக இருந்தது.

"தெரிஞ்சிருக்காது," என்றாள். "ஒரு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். நீ வாயாடி, பிடிவாதக்காரி, உப்பு டப்பாவை எடுத்த இடத்துல வைக்க மாட்டே. ஆனா நீ பொய் சொல்லி நான் பார்த்ததே இல்ல. அது எனக்கு ஞாபகமே வரல. நான் எழுதினதை நம்பினேன், உன்னை நம்பல. தப்புதான்டி. என்னை மன்னிச்சுடு."

ரேடியோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க ஒரு போர்வையை உதறு உதறென்று உதறினாள். "உப்பு டப்பாவை நான் மாத்தல. அதையும் அண்ணன்தான் மாத்துறாரு," என்றாள். விட்டுக்கொடுப்பாளா?

அண்ணி முதலாளியிடம் ஃபோனில் சொன்னாள்.

"இதை வெளிய சொல்லாதீங்க அண்ணி," என்றார் அவர். "சத்தமில்லாம சரி பண்ணிடுங்க. புது அப்டேட் அனுப்பிடலாம். லிஃப்ட் கம்பெனிக்கு மட்டும், அந்த ஒரு மெஷின்ல சின்னக் கோளாறுன்னு சொல்லிடுவோம். உங்க நாத்தனார் வேலையும் தப்பிக்கும், நம்ம பேரும் தப்பிக்கும்."

ஆசையாகத்தான் இருந்தது. அண்ணி ஒன்றும் உத்தமி இல்லை. சின்னக் கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை சாயங்காலம் சாவி கையில். ஆனால் வெள்ளிக்கிழமை ரேடியோ "தாராளமா பாருங்க" என்று சொன்ன குரல் காதிலேயே இருந்தது. அந்தக் குரலில் எத்தனை ஆபீஸில் எத்தனை பேர் நான் அழிக்கவில்லை, நான் அழிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ!

"முடியாதுங்க," என்றாள். "மத்த ஆபீஸ்கள்லயும் புது ஆளுங்க இருப்பாங்க. எல்லாருக்கும் சொல்லணும். நீங்க சொல்லலைன்னா நான் சொல்வேன்."

முதலாளி கத்தினார். கடையை இழுத்து மூடிவிட்டுக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி துடைக்கப் போகலாம் என்றார். அண்ணி ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கத்தி முடித்ததும் மனுஷனுக்கு மூச்சு வாங்கியது.

"சரி, எழுதித் தொலைங்க. எல்லா கஸ்டமருக்கும் நானே அனுப்புறேன். நான் எழுதினா நல்ல வார்த்தை வராது," என்றார்.

திங்கட்கிழமை காலை அண்ணியும் ரேடியோவும் சேர்ந்தே லிஃப்ட் கம்பெனிக்குப் போனார்கள். மேலாளர் அம்மா நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முழுவதையும் கேட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த குறிப்புகளைக் காட்டி, முன்வழுக்கை உட்பட எல்லாவற்றையும் அண்ணி விளக்கினாள். மனைவி தன் மானத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது அந்தக் கணவருக்கு இன்று வரை தெரியாது.

"அப்ப இவ அழிக்கல," என்றார் மேலாளர்.

"இல்லைங்க. அழிச்சான்னு சொன்னது என் தப்பு. எழுத்துலயும் தர்றேன்."

மேலாளர் ரேடியோவைப் பார்த்தார். "நான் பேசினது ரொம்ப அதிகம். மனசுல வெச்சுக்காதேம்மா. ஆர்டர்ல இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

ரேடியோ முகம் மலர்ந்தது. ஆனால் மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பேனாவை எடுத்தவர் அதைத் திறக்காமல் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"உனக்கு முன்னாடி அந்த நாற்காலியில ஒருத்தர் இருந்தார்," என்றார். "சோதனைக் காலம் முடியுற நேரம், இதே சிவப்பு மெயில். அவரும் அழிக்கலைன்னுதான் சொன்னார். நான் நம்பல. போகச் சொல்லிட்டேன்."

வெளியே யாரோ ஃபோனில், "பயப்படாதீங்க, காத்து வரும், காத்து வரும்," என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"அப்ப அவரைக் கூப்பிடுங்க," என்றாள் ரேடியோ.

"கூப்பிட்டு?"

"வேலையைத் திரும்பக் கொடுங்க."

"அது நீ உட்கார்ந்திருக்கிற இடம்மா. அவர் வந்தா நீ எங்க போவே?"

அண்ணி மேஜைக்கு அடியில் ரேடியோவின் காலை ஒரு மிதி மிதித்தாள். ரேடியோ காலை இழுத்துக்கொண்டாள், வாயை இழுத்துக்கொள்ளவில்லை.

"அது அவர் நாற்காலிங்க. அவர் பொய் சொல்றவர்னு பேர் வாங்கிட்டு எழுந்து போனதாலதான் எனக்குக் கிடைச்சிருக்கு. இது தெரிஞ்ச அப்புறமும் நான் அதுலயே உட்கார்ந்து, பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னு யாருக்கு தைரியம் சொல்றது? எனக்கு வேற இடம் கொடுத்தா சந்தோஷம். இல்லைன்னா தேடிக்கிறேன்."

அண்ணி அவளையே பார்த்தாள். மாடி வீடு, காற்றோட்டம், சுவரில் ஒட்ட வேண்டிய படங்கள், எல்லாவற்றையும் ஒரு நிமிஷத்தில் தூக்கி மேஜை மேல் வைத்துவிட்டாள் இந்தப் பைத்தியக்காரி. இவளோடு இன்னும் ஒரு வருஷம் அந்தச் சமையலறையில் நிற்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்கே ஆச்சரியம்தான்.

மேலாளர் பேனாவைத் திறந்தார். ஆர்டரில் கையெழுத்துப் போட்டு ரேடியோ பக்கம் தள்ளினார். "இன்னொரு மேஜை போடச் சொல்றேன். ஊர்ல லிஃப்ட் நிக்கிறதுக்கா பஞ்சம்? ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு," என்றார். பிறகு ஒரு ஃபோன் நம்பரைத் தேடி எடுத்து அண்ணியிடம் நீட்டினார். "நான் கூப்பிட்டா எடுக்க மாட்டார். நான் அன்னிக்குப் பேசின பேச்சு அப்படி. நீங்க முதல்ல சொல்லுங்க, அப்புறம் நான் பேசுறேன்."

அண்ணி அங்கேயே டயல் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாமா என்று நினைக்கும்போது ஒரு ஆண் குரல் எடுத்தது. பின்னால் குக்கர் சத்தமும் ஏதோ பாத்திரச் சத்தமும் கேட்டன. அண்ணி தடயம் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். அடுத்த வார்த்தைக்கு அவர் இடமே கொடுக்கவில்லை.

"மேடம், நான் எதையும் அழிக்கலைங்க. அன்னிக்கே சொன்னேன். எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்."

"தெரியுங்க," என்றாள் அண்ணி. "நீங்க அழிக்கல. எங்க புரோகிராம்லதான் தப்பு. அதை எழுதினது நான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க வேலை உங்களுக்காக இருக்கு, மேலாளர் பக்கத்துலயே இருக்காங்க."

அந்தப் பக்கம் குக்கர் மட்டும் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. பிறகு அவர் ஃபோனை வாயிலிருந்து விலக்கி யாரையோ கூப்பிடுவது கேட்டது. "இங்க வா. அடுப்பை அப்புறம் பார்க்கலாம், முதல்ல இங்க வா." செருப்பில்லாத கால்கள் அவசரமாக நடந்து வந்தன.

"மேடம், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்," என்றார் அவர். "என் வீட்டுக்காரி இருக்கா. நான் அழிச்சிருப்பேன்னுதான் அவளும் இத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருக்கா. இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

அண்ணி இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே, முதலிலிருந்து சொன்னாள்.